ஃபைஸ்டோஸ் வட்டை ஏன் இன்னும் யாராலும் படிக்க முடியவில்லை?

ஃபைஸ்டோஸ் வட்டு என்பது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, சுமார் 16 செ.மீ. அகலமுள்ள சுட்ட களிமண் தட்டு. கிரீட் தீவின் ஃபைஸ்டோஸ் அரண்மனை இடிபாடுகளில் 1908-இல் லூயிஜி பெர்னியே என்ற இத்தாலிய ஆய்வாளர் கண்டெடுத்தார். இருபுறமும் சுருள் வடிவில் குறிகள்: இறகுத் தலை, மீன், நடக்கும் மனிதன். எழுதியவை அல்ல, ஈரக் களிமண்ணில் முத்திரை போல அழுத்தியவை. ஒரே ஒரு தட்டுக்காகவா அத்தனை அச்சுகளைச் செய்தார்கள்? எனக்கு இதுதான் பெரிய புதிர்.

படிக்க முடியாததற்குக் காரணம் எளிது: சரக்கு போதவில்லை. மொத்தம் சுமார் 240 குறிகள். அவற்றில் தனித்தனி வடிவங்கள் 45. நான்கே கட்டங்கள் உள்ள குறுக்கெழுத்துப் புதிரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் பொருந்தும், தவறென்று காட்டிக்கொடுக்கக் குறுக்கே வேறு சொல் இருக்காது. அதே தீவில் கிடைத்த 'லீனியர் பி' என்ற பழைய கிரேக்க எழுத்துமுறையை 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க அந்த எழுத்துள்ள களிமண் பலகைகள் ஏராளமாக இருந்தன.

வட்டே போலி என்று 2008-இல் பழங்கலைப் பொருள் வணிகர் ஜெரோம் ஐசன்பெர்க் வாதிட்டார். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கிரீட்டிலேயே கிடைத்த பழைய வெண்கலக் கோடரியான அர்க்கலோகோரி கோடரியிலும் இதையொத்த சில குறிகள் இருப்பது வட்டு உண்மையானது என்பதற்கு ஆதரவாகக் காட்டப்படுகிறது.

'ரகசியம் உடைந்தது' என்று அவ்வப்போது செய்தி வரும். ஒரு வாசிப்பு அழகாகப் பொருள் தருவதாலேயே அது சரியாகிவிடாது. இதே குறிகளை ஜெபம் என்றும் நாட்காட்டி என்றும் ஏற்கெனவே 'படித்திருக்கிறார்கள்'.