சித்தப்பாவைத் தேடும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா இறந்துவிட்டார். அவருடைய தம்பி, வயது 61, கல்யாணம் ஆகாதவர். வேலை தேடிக் கோலாலம்பூர் போனார். நான்கு மாதமாகப் போன் இல்லை. அத்தை தினமும் அழுகிறார். பெயர் தெரியாத சடலங்களில் அவர் இருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியவரும்?

பதில்: தம்பி, போலீஸ் ரிப்போர்ட் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. இன்றே கொடுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கோலாலம்பூருக்கும் போக வேண்டாம், உங்கள் ஊர் ஸ்டேஷனே போதும். சித்தப்பாவின் ஐசி (அடையாள அட்டை) எண், அண்மைக்காலப் படம், பழைய எலும்பு முறிவு, உடம்பில் வைத்த இரும்புத் தகடு, விழுந்த பல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். தகட்டில் பெரும்பாலும் எண் இருக்கும். ஆளைக் கண்டுபிடிக்க அது பெரிய உதவி.

பெயர் தெரியாத உடல் கிடைத்தால் முதலில் பார்ப்பது கைரேகை. 12 வயதில் ஐசி எடுக்கும்போதே தேசியப் பதிவிலாகாவில் ரேகை பதிவாகிவிடுகிறது. பொருந்தினால் பெயரும் முகவரியும் வந்துவிடும். அந்த முகவரி இடித்துத் தள்ளிய எஸ்டேட் லயத்து வீடாக இருந்தால் போலீஸ் யார் கதவைத் தட்டுவது? பெயர் தெரிந்தும் கேட்பாரில்லாமல் கிடக்கும் உடல்கள் உண்டு. அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் போன் நம்பர்தான் அப்போது வழிகாட்டும். ஐசியே எடுக்காதவருக்கு ரேகை வழியும் அடைபட்டுவிடும்.

ரேகை எடுக்க முடியாத அளவுக்கு உடல் சிதைந்திருந்தால் பல், டிஎன்ஏ. 2009ஆம் ஆண்டின் டிஎன்ஏ அடையாளச் சட்டத்தில் காணாமல்போனோருக்கென்று தனிப் பதிவுப் பிரிவே இருக்கிறது. இங்கேதான் அத்தை வேண்டும். சித்தப்பாவும் அவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தாய்வழியாக வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருவருக்கும் ஒன்று. உங்களிடம் அது இல்லை. ஆனால் அப்பா வழியாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் தாத்தாவின் ஒய் குரோமோசோம் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. அது பங்காளிகள் எல்லாருக்கும் பொது என்பதால் தனியாக முடிவு சொல்லாது. அத்தையின் டிஎன்ஏ மாதிரியும் சேர்ந்தால் பலம். சித்தப்பா விட்டுப்போன பல் துலக்கும் பிரஷ், ஷேவிங் பிளேடு இருந்தால் கழுவாமல் காகித உறையில் வையுங்கள்.

முகத்தையும் சட்டையையும் மட்டும் நம்பி "இவர்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். இறந்தவர் முகம் வேகமாக மாறும். சட்டை யாருடையதாகவும் இருக்கலாம்.

உயிரோடு இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆஸ்பத்திரி வார்டுகளில் பெயர் சொல்ல முடியாத நோயாளிகள் இருப்பார்கள். சமூக நல இலாகாவின் டேசா பினா டிரி இல்லங்களில் தெருவில் கிடந்தவர்களைச் சேர்ப்பார்கள். அங்கேயும் கேளுங்கள். பிறகு ரிப்போர்ட் நகலோடு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, கோலாலம்பூர் மருத்துவமனை இரண்டின் தடயவியல் பிரிவிலும் விசாரியுங்கள். "வாரிஸ்" யார் என்பார்கள். நெருங்கிய சொந்தத்தைத்தான் கேட்கிறார்கள். உறவைக் காட்ட அப்பா, அத்தை, உங்கள் பிறப்புப் பத்திரங்கள் கையில் இருக்கட்டும்.

ப்ரீபெய்ட் நம்பரை மாற்றினால் அன்றைக்கே விசாரணை அதிகாரிக்குப் புது நம்பரைச் சொல்லிவிடுங்கள்.