‘கட் கார்னர்ஸ்’ என்றால் லைனிங் ஓரத்தை வெட்டுவதா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) சேர்ந்திருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். பையர் (ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்) அனுப்பும் மெயிலில் ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, ஆனால் வாக்கியம் பிடிபடுவதில்லை. ‘டோன்ட் கட் கார்னர்ஸ் ஆன் த லைனிங்’ என்று வந்ததை, லைனிங் (ஷூவின் உட்புறத் தோல்) ஓரத்தை வெட்டக்கூடாது என்று கட்டிங் செக்‌ஷனுக்குச் சொல்லிவிட்டேன். 500 ஆங்கில மரபுத்தொடர்கள் உள்ள புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாதிரித் தொகுப்புகளில் இன்று அதிகம் பேசப்படாதவை நிறைய இருக்கும். ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ நம் கிராமர் புத்தகங்களில் கொட்டுகிற அளவுக்கு லண்டனில் கொட்டுவதில்லை. உங்கள் இன்பாக்ஸில் வருவதைப் படித்தாலே போதும்.

‘கட் கார்னர்ஸ்’ என்றால், செலவையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையில் தரத்தைக் குறைப்பது. ஒப்புதல் பெற்ற சாம்பிளில் ஆட்டுத்தோல் லைனிங் இருந்தால் ப்ரொடக்‌ஷனிலும் அதையே போடுங்கள், மலிவானதை மாற்றி வைக்காதீர்கள் என்கிறார் பையர். சாம்பிளில் உள்ள அதே லைனிங், அதே கனம் என்று உறுதி சொல்லிப் பதில் போடுங்கள்.

ஷூ தொழிலில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. உங்கள் மேஜையில் கிடக்கும் பொருள்களின் பெயர்களே ஆங்கில மரபுத்தொடர்களிலும் வரும். ‘ஆன் எ ஷூஸ்ட்ரிங்’ என்றால் மிகக் குறைந்த பணத்தில் என்று பொருள், லேஸ் கேட்கவில்லை. ‘டங் இன் சீக்’ என்றால் அவர் விளையாட்டாகச் சொன்னார், ஷூவின் டங்குக்கும் (லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பகுதி) அதற்கும் சம்பந்தமில்லை. ‘ஆன் இட்ஸ் லாஸ்ட் லெக்ஸ்’ என்பதில் ஷூ செய்யும் லாஸ்ட் (கால் வடிவ அச்சு) கிடையாது, அந்த மெஷினோ மாடலோ ஓய்ந்துபோகும் நிலையில் இருக்கிறது என்கிறார்கள். ‘ஹெல் ஃபார் லெதர்’ என்பது தலைதெறிக்கப் போவது. இவற்றைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. உண்மையான பொருளைப் பற்றிய பேச்சானால் ஸ்டைல் நம்பர், நிறம், சைஸ், எம்.எம். ஏதாவது ஒன்று கூடவே வரும். எந்த மூலை, எத்தனை எம்.எம். என்று உங்களுக்கு வந்த வாக்கியத்தில் இல்லை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தவறாகப் புரிந்தால் பணம் போகும் தொடர்களை முதலில் பிடியுங்கள். ‘ஹோல்டு யுவர் ஹார்சஸ்’ என்றால் பொறு, அவசரப்படாதே. வெட்டிய தோலைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே கட்டிங்கை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டுக் காரணம் கேளுங்கள். ‘கிவன் த கிரீன் லைட்’ என்றால் ஒப்புதல் கிடைத்துவிட்டது. ‘ஆன் த பேக் பர்னர்’ என்றால் ரத்தாகவில்லை, ஆனால் இப்போதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதை நம்பித் தோல் வாங்கக்கூடாது. ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் தோராயமான தொகை. ஜோடி 18 முதல் 20 டாலர் என்பதுபோல் ஒரு வரம்பைக் கொடுத்து, இறுதி விலை காஸ்ட்டிங் (செலவுக் கணக்கு) முடிந்த பிறகு என்று அதே வரியில் எழுதுங்கள். ஒற்றை எண்ணைக் கொடுத்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். ‘த பால் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்று வந்தால் அடுத்த வேலை உங்களுடையது, பையர் பதில் போடுவார் என்று காத்திருக்காதீர்கள்.

‘டேபிள்’ என்ற சொல்லில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். பிரிட்டிஷ்காரர் ‘டேபிள்’ செய்தால் விஷயத்தைப் பேச எடுக்கிறார், அமெரிக்கர் ‘டேபிள்’ செய்தால் தள்ளிப் போடுகிறார். நேர் எதிர். இங்கே ஊகிக்காதீர்கள், கேட்டுவிடுங்கள்.

கேட்பதற்கு ஒரே வாக்கியம் போதும்: ‘ஜஸ்ட் டு கன்ஃபர்ம், யூ மீன்...’ என்று தொடங்கி, நீங்கள் புரிந்துகொண்டதை ஸ்டைல் நம்பர், ஜோடி எண்ணிக்கை, தேதியோடு நேரடியான சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். இதனால் மரியாதை குறையாது. போனில் பேசினாலும் முடிந்ததும் மெயிலில் போட்டுவிடுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தொடரை மட்டும் எழுதாமல் அது வந்த முழு வாக்கியம், தமிழில் பொருள், அதற்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை என்று எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் ஆன்லைன் அகராதியில் முழுத் தொடரையும் டைப் செய்து தேடினால், பழைய வழக்கா, பேச்சு வழக்கா, பிரிட்டிஷா அமெரிக்கனா என்ற குறிப்பும் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

தமிழ்ப் பழமொழியோடு பொருத்தி நினைவு வைக்கலாம், கவனமாக. ‘கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்’ நம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தான். ‘கோல்ஸ் டு நியூகாசில்’ கொல்லன் தெருவில் ஊசி விற்பது. எல்லாம் இப்படி ஜோடி சேராது.

நீங்களாக எழுதும்போது மரபுத்தொடரே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இத்தாலிக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் ஆங்கிலம் உங்களைப்போலவே கற்றுக்கொண்ட மொழிதான். தவிர, இத்தொடர்களில் வினையின் காலம் மாறலாம், மற்ற சொற்களைத் தொடக்கூடாது. ‘ட்ராப்டு த பால்’ (செய்ய வேண்டியதைக் கோட்டைவிட்டார்) சரி, ‘ட்ராப்டு த பால்ஸ்’ என்றால் சிரிப்பார்கள்.

நம் ஊர் ஆங்கிலத்தையும் ஒருமுறை சலித்துவிடுங்கள். புதிய க்யூசி (தரம் பார்ப்பவர்) 2022-ல் படிப்பை முடித்ததை ‘பாஸ்டு அவுட்’ என்று எழுதினால், அவர் மயங்கி விழுந்தார் என்று வெளிநாட்டில் படிப்பார்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று போடுங்கள். மேனேஜர் ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பதற்குப் பதில் ‘அவுட் ஆஃப் டவுன்’. ‘டூ த நீட்ஃபுல்’ என்று முடிக்காமல் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள்.