ம்யூனிக்கை விடுங்கள், யேனாவைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் மின்னணுவியல் பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறார். ம்யூனிக்கில் கணினி அறிவியல் முதுகலை படிக்கட்டும் என்று உறவினர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. ஆனால் வைக்கக் கூடாது. ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவம் முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு முதுகலை மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. வாடகையும் அந்நகரில் மிக அதிகம். அதைவிட முக்கியம், நிரல் எழுதுவதில் அவருக்கு நாட்டமில்லை, ஒளியிழை ஆய்வகத்தில்தான் நேரம் போவது தெரியாமல் இருக்கிறார் என்று தாங்களே போகிற போக்கில் எழுதிய வரி.

அந்த நாட்டத்துக்கு ஏற்ற ஊர் யேனா. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் சாலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள இந்நகரில் சுமார் 1,10,000 பேர் வாழ்கிறார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மாணவர். பல்கலைக்கழகம் 1558-இல் தொடங்கியது. 1846-இல் கார்ல் சைஸ் இங்கே பட்டறை திறந்தபோது, லென்சுகளைத் தேய்த்துப் பார்த்து, மாற்றிப் பார்த்துத்தான் நுண்ணோக்கி செய்தார்கள். கணக்கிட்டுச் செய்யும் முறையைக் கொண்டுவந்தவர் பல்கலைக்கழக இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே. அதற்கேற்ற புதுக் கண்ணாடிகளை உருக்க 1884-இல் ஓட்டோ ஷாட்டின் ஆய்வுக்கூடம் வந்தது. நுண்ணோக்கியால் எவ்வளவு சிறியதைப் பிரித்துக் காட்ட முடியும் என்று அபே வகுத்த சமன்பாடு அவ்வூர் நினைவுக்கல் ஒன்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. சமன்பாட்டுக்குச் சிலை வைத்த ஊர் வேறு எத்தனை இருக்கும்?

பல்கலைக்கழகமும் தொழிலும் கைகோத்த அந்தக் கூட்டுறவு இன்றும் தொடர்கிறது. கண் அறுவைக் கருவிகள் செய்யும் கார்ல் சைஸ் மெடிடெக், லேசர் மற்றும் ஒளியியல் நிறுவனமான யேனாப்டிக் ஆகிய இரண்டின் தலைமையகமும் இங்கேதான். பாய்டன்பெர்க் குன்றின் வளாகத்தில் பயன்பாட்டு ஒளியியலுக்கான ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் ஒளித் தொழில்நுட்பத்துக்கான லைப்னிட்ஸ் ஆய்வு நிறுவனமும் அருகருகே உள்ளன. பல்கலைக்கழகத்தின் அபே ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்பப்) பள்ளி ஆங்கிலத்திலேயே இரண்டாண்டு முதுகலை நடத்துகிறது. கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டுமே.

விசாவுக்காக, மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கவிடும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அது எவருக்கும் செலுத்தும் கட்டணம் அல்ல. மாதம் 992 யூரோவாக மகளின் கைக்கே திரும்பி வந்து, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் பணம். இதற்கு மேல் ‘பேக்கேஜ்’ என்று ஏஜென்ட் லட்சங்களில் கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரே துறையை நம்பிய ஊர் இது. ஜெர்மனி இணைந்த பின் பழைய கிழக்கு ஜெர்மனி அரசின் சைஸ் ஆலை பிரிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பள்ளத்தாக்கு நகரம் என்பதால் வீடு கிடைப்பது கடினம். சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலைக்கு ஜெர்மன் தேவைப்படும். பி1 எனும் நடுத்தர மொழி நிலையை இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

இந்த வாரமே மகள் தம் மதிப்பெண் பட்டியல்களில் இயற்பியல், கணிதப் பாடங்களின் கிரெடிட்டுகளைக் கூட்டிப் பார்க்கட்டும். சேர்க்கைக் குழு முதலில் அவற்றைத்தான் பார்க்கும். இந்தியப் படிப்புச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கும் உடனே விண்ணப்பியுங்கள், அதற்கு நாளாகும். உறவினர்களிடம் முடிவான பிறகு சொன்னால் போதும்.