எம்.பி.ஏ. விளம்பரமும் கொழுந்து மடுவத்துத் தராசும்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் எட்டு வருடமாக வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். வெளிவாரியாக பீ.கொம். முடித்திருக்கிறேன். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம், பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றின் ‘சர்வதேச வணிகமும் பொறுப்புள்ள தலைமைத்துவமும்’ என்ற எம்.பி.ஏ.யை வார இறுதி வகுப்பாக 12 மாதத்தில் நடத்துகிறது. கட்டணம் பாதி ரூபாயில், பாதி பவுணில். ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பிச் சேரலாமா? பொறுப்புள்ள தலைமைத்துவம் என்பதில் படிக்க உண்மையாகவே ஏதும் உண்டா, இல்லை பெயருக்கு ஒட்டிய வாலா?

பதில்: கொழும்பு நிறுவனம் உங்களுக்கு வகுப்புத்தான் நடத்தும். பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதனால் விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ பெயர் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களையே நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறது. அந்தச் சங்கத்தின் தரவுத்தளத்தை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். முழுப் பெயரையும் எழுத்து பிசகாமல் போட்டுத் தேடுங்கள். புகழ்பெற்ற பெயரோடு ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ நடத்தப்படும் கடைகள் உண்டு.

பெயர் இருந்தால் அடுத்த வேலை, பல்கலைக்கழகத்தின் பதிவாளர் பிரிவுக்கே ஒரு மின்னஞ்சல் போடுவது. நிறுவனத்துக்குப் போட்டால் விளம்பரத்தில் உள்ளதையே திரும்ப எழுதுவார்கள். மூன்றை மட்டும் கேளுங்கள்: இந்தப் பட்டத்தை இந்தப் பெயரிலேயே கொழும்பில் நடத்த அனுமதி இருக்கிறதா, அந்த ஒப்பந்தம் எந்த அணி வரைக்கும் செல்லும், சான்றிதழிலும் புள்ளிப் பட்டியலிலும் என்ன வாசகம் அச்சாகும். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘சர்வதேச வணிகம்’ என்பது விளம்பரத்தில் பெரிதாக இருந்து, சான்றிதழில் வெறும் எம்.பி.ஏ. என்று வருவது நடக்கிற விஷயம்.

இன்னொரு பொறி இருக்கிறது. சில இடங்களில் முதல் எட்டு, ஒன்பது மாதம் நீங்கள் படிப்பது பல்கலைக்கழகத்தின் பாடமே அல்ல. ஒரு பிரித்தானியச் சான்றளிப்பு அமைப்பின் ‘ஏழாம் நிலை டிப்ளோமா’ அது, வழக்கமாக 120 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு). அதற்குப் பிறகு மிச்சம் 60 கிரெடிட்டைப் பல்கலைக்கழகத்தில் ‘டொப்-அப்’ ஆகச் செய்தால்தான் எம்.பி.ஏ. இது சட்டத்துக்கு உட்பட்ட வழிதான், குற்றம் இல்லை. ஆனால் நடுவில் பணமோ தெம்போ தீர்ந்து நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது டிப்ளோமா. பிரித்தானியாவில் முதுமாணியும் ஏழாம் நிலைதான் என்பதை வைத்து, டிப்ளோமாவையே முதுமாணி என்று சொல்லி விற்கும் ஆட்களிடம் கவனம்.

‘சர்வதேச அங்கீகாரம்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். வணிகக் கல்லூரிகளுக்கு மதிப்புள்ள அங்கீகாரம் மூன்று: 1916இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.சீ.எஸ்.பீ., ஐரோப்பாவின் ஈக்விஸ், லண்டனின் அம்பா. முதல் இரண்டும் கல்லூரியை மொத்தமாகப் பார்த்துத் தருபவை. அம்பா எம்.பி.ஏ. பாடநெறிகளைத் தனியே பார்க்கிறது. பட்டத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று வருட வேலை அனுபவம் உள்ளவர்களையே சேர்க்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ‘அனுபவம் தேவையில்லை, உடனே சேரலாம்’ என்று கூவும் விளம்பரத்தில் அம்பா சின்னமும் இருந்தால் இரண்டில் ஒன்று பிழை. தாய்வளாகத்துக்குக் கிடைத்த அங்கீகாரம் கொழும்பு வகுப்புக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்தப் பாடநெறியின் பெயரை வைத்துப் பார்த்தால், விளம்பரத்தில் ‘பிரிம்’ (PRME) சின்னமும் இருக்க வாய்ப்புண்டு. பொறுப்புள்ள முகாமைத்துவக் கல்விக்காக ஐ.நா. உலக ஒப்பந்தத்தின் ஆதரவில் 2007இல் தொடங்கிய முயற்சி அது. நல்ல முயற்சிதான், ஆனால் அது அங்கீகாரம் அல்ல. கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்திட்டுச் சேரும் உறுப்புரிமை. சேர்ந்த கல்லூரிகள் தாங்கள் செய்ததைக் குறித்துக் காலத்துக்குக் காலம் அறிக்கை தர வேண்டும். சின்னத்தை விட்டுவிட்டு அந்த அறிக்கையைத் தேடி வாசியுங்கள். மரம் நட்ட படங்கள் நிறைந்திருக்கிறதா, எந்தப் பாடத்தில் எதை மாற்றினார்கள் என்று இருக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

12 மாதம் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரித்தானிய முதுமாணி 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு, மொத்தம் 1,800. ஒரு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 35 மணித்தியாலம் வேண்டும். சனி, ஞாயிறு வகுப்பில் 12 போனாலும் மிச்சம் 23, அதாவது வேலை நாளில் தினமும் நாலரை மணித்தியாலம். விடியப் பிரட்டுக்களத்தில் (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நிற்க வேண்டியவருக்கு, ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வரவே வாரம் எட்டு மணித்தியாலமாவது செலவாகிறவருக்கு, இது நடக்காது. 24 மாதமாக நீட்டினால் வாரம் 17 ஆகிவிடும், அது முடியும். பகுதிநேரப் பதிவு உண்டா, நீட்டினால் மேலதிகக் கட்டணம் எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். இதில் படிப்பை விடுபவர்களில் பெரும்பாலோர் விளங்காமல் விடுவதில்லை, நேரம் இல்லாமல்தான் விடுகிறார்கள்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம். அந்தக் கணக்கில் பிரித்தானியாவின் 1,800 மணித்தியாலம் 36 கிரெடிட் ஆகும். நம் ஒன்பதாம் நிலை முதுமாணிக்குக் குறைந்தது 30, ஆய்வும் சேர்ந்த பத்தாம் நிலைக்கு 60. பிற்காலத்தில் கலாநிதிப் பட்டத்துக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ யோசனை இருந்தால் இந்த வித்தியாசம் இடிக்கும். தோட்டக் கம்பனியில் மேலே போகத்தான் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

இனி, வாலா தலையா என்ற உங்கள் கேள்வி. விளம்பரத்தை மூடிவிட்டுப் பாடக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். பொறுப்பு என்ற பேச்சு கடைசி வாரத்து ஒரு விரிவுரையாக மட்டும் வந்தால் அது வால்தான். நிதிப் பாடத்திலும், செயற்பாட்டு முகாமைத்துவத்திலும், விநியோகச் சங்கிலியிலும் அதே கேள்வி வந்து, அதற்குப் புள்ளியும் ஒதுக்கியிருந்தால் படிக்க விஷயம் இருக்கிறது.

என்ன விஷயம் என்பதை, கொழுந்து நிறுக்கும் உங்கள் மடுவத்திலிருந்தே காட்டலாம். ஓர் உதாரணக் கணக்கு: நாளுக்கு மூன்று நிறுவை, ஒவ்வொன்றிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 2 கிலோ கழிவு. ஆளுக்கு 6 கிலோ போகிறது. பேர் போட, அதாவது முழுநாள் சம்பளம் பதிய, 18 கிலோ கேட்கும் தோட்டத்தில் இது மூன்றில் ஒரு பங்கு. மழையில்லாத நாளில் சாக்கின் உண்மையான நிறை அரைக் கிலோ என்று வைத்தால் நியாயமான கழிவு ஒன்றரைக் கிலோதான். மிச்சம் நாலரைக் கிலோ. அறுபது பேருக்கு 270 கிலோ பச்சைக் கொழுந்து. நூறு கிலோவுக்குச் சுமார் இருபத்தொன்றரை கிலோ தேயிலை என்று எடுத்தால், ஒரு நாளைக்கு 58 கிலோ தேயிலை கூலியில்லாமல் தொழிற்சாலைக்குப் போகிறது. பறித்தவருக்கு அது அரைப்பேராகிறது, இல்லாவிட்டால் கைக்காசு குறைகிறது.

இதில் சர்வதேச வணிகம் எங்கே வருகிறது? வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டுக் கோட்பாடுகளை ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2011இல் ஏற்றது. பேராசிரியர் ஜோன் ரகியின் தலைமையில் உருவானவை அவை. அரசு பாதுகாக்க வேண்டும், கம்பனி மதித்து நடக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பவை அதன் மூன்று தூண்கள். கம்பனியின் பங்கு நான்கு படி: தீங்கு எங்கே நடக்கிறது என்று கண்டறிவது, அதைத் திருத்துவது, திருத்தம் வேலை செய்கிறதா என்று பின்தொடர்வது, வெளியே சொல்வது. ஜெர்மனி 2023 ஜனவரியிலிருந்து தன் பெரிய கம்பனிகளுக்கு இதைச் சட்டக் கடமையாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் இதே கடமைக்கான தன் பணிப்புரையை 2024இல் நிறைவேற்றியது, அமலாகும் திகதி பிறகு தள்ளிப்போனாலும். ஆக, ஹம்பர்க்கில் தேயிலை வாங்கும் கம்பனியின் இடர்ப் பட்டியலில் உங்கள் மடுவத்துத் தராசு ஒரு வரியாக வந்து நிற்கக்கூடும். அந்த வரிக்குப் பதில் எழுதத் தெரிந்த ஆள் தோட்டத்துப் பக்கம் அதிகம் இல்லை. இந்தப் படிப்பால் உங்களுக்கு வரக்கூடிய உண்மையான லாபம் இது.

பரிகாரம் பற்றியும் அந்தக் கோட்பாடுகள் நுணுக்கமாகப் பேசுகின்றன. முறைப்பாட்டு முறை என்றால் சம்பந்தப்பட்டவர் நம்பக்கூடியதாக, எட்டக்கூடியதாக, எத்தனை நாளில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதாக இருக்க வேண்டும். துரையின் பங்களா வாசலில் பெட்டி வைத்து, ஆங்கிலப் படிவம் செருகி, ‘ஒரு முறைப்பாடும் வரவில்லை’ என்று கணக்காய்வில் காட்டுவது இந்த அளவுகோலில் முதல் படியிலேயே தோற்கிறது. முறைப்பாடு வராததற்கு என்ன காரணம் என்று கேட்கப் பழக்குவதுதான் நல்ல பாடநெறி. அதேபோல 2021இல் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் திரும்பப் பெற்றதை வகுப்பில் அலசுகிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். நோக்கம் சரி, இடைக்கால ஏற்பாடு பிழை என்ற வாதத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்க நம் மலைகளை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

மடுவத்தையே ஆய்வுத் தலைப்பாக எடுக்க ஆசை வரும். எடுக்கலாம், ஆனால் சறுக்கும் இடங்கள் இரண்டு. தோட்டத்தின் தரவைப் பாவிக்க முகாமையின் எழுத்து அனுமதி இல்லாமல் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு விடாது. வாய்ச்சொல்லில் ‘செய்யுங்க’ என்றவர் இடமாற்றலாகிப் போனால் ஆய்வும் போகும். மற்றது, உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்களே பேட்டி எடுப்பது. அவருக்குப் பேர் போடுவது நீங்கள். உங்களிடம் அவர் ‘மாட்டேன்’ என்றும் சொல்லமாட்டார், உண்மையும் சொல்லமாட்டார். வேறு டிவிஷனில் எடுங்கள், அல்லது வேறொருவரைக் கொண்டு எடுப்பியுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள்.

பணம்: பவுணில் உள்ள பாதியை எந்தத் திகதியின் மாற்று விகிதத்தில் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியபோது, பாதிப் படிப்பில் இருந்தவர்கள் கடன்பட்டார்கள். ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் பல்கலைக்கழகமே நேரடியாகப் படிப்பித்து முடிக்குமா என்ற வரியும் தேவை.

சேருமுன் உள்நாட்டு வழிகளையும் விலை கேளுங்கள். பேராதனையின் விவசாயப் பட்டப்பின் நிறுவனத்தில் எம்.பி.ஏ. உண்டு, உங்களுக்குக் கொழும்பை விடக் கிட்ட. திறந்த பல்கலைக்கழகத்தின் பொதுநலவாய நிறைவேற்று எம்.பி.ஏ. தொலைக்கல்வி முறையில் நடக்கிறது. பெருந்தோட்டத் துறைக்கு வெளியே போகும் எண்ணமிருந்தால் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த முகாமைத்துவப் பட்டப்பின் நிறுவனத்தின் பெயருக்குக் கம்பனிகளிடம் மதிப்பு அதிகம்.

கொழும்பு நிறுவனத்திடம் இந்த வாரமே கேட்க வேண்டியவை: முழுப் பாடக் கையேடு, மதிப்பீட்டு அட்டவணை, போன அணியில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர். ‘பதிவுக் கட்டணம் கட்டினால்தான் கையேடு’ என்று சொன்னால், கட்டாதீர்கள்.