பேஸ்மென்ட் சுவரடியில் தண்ணீர்: பெயின்ட் போதாது

டொராண்டோ ஸ்காபரோவில் பழைய வீடு, பனி உருகும்போது பேஸ்மென்ட் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிகிறது, உள்ளே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாதுங்க. வெளியே மண்ணில் தேங்கும் நீர் சுவரை அழுத்துகிறது, பெயின்ட் அதை எத்தனை நாள் தாங்கும்? அந்தக் காலத்தில் அஸ்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த வீப்பிங் டைல், அதாவது மண்ணிலுள்ள நீரை வடிக்கும் குழாய், பெரும்பாலும் சுட்ட களிமண்ணால் ஆனது, மண்ணும் மரவேரும் புகுந்து அடைத்திருக்கலாம், முடிந்தால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு என்றால் வெளியே தோண்டி, ஃபூட்டிங் (அஸ்திவாரத்தின் அடிப்பாகம்) மட்டத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் வைத்து, ஃபில்டர் துணியும் ஜல்லியும் போட்டு, சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் குழிக்கு இணைக்க வேண்டும். செலவு கூடத்தான், தோண்ட இடமில்லையென்றால் உள்ளே தரையை வெட்டியும் போடலாம். அப்புறம், கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே கொட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சம்ப் பம்புக்கு டொராண்டோ மாநகராட்சி மானியம் உண்டு, ஆள் பிடிக்குமுன் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.