கறிவேப்பிலை வெளுக்கிறது, உரக்கடை பில் ஏறுகிறது

கேள்வி: மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி. பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். கொழுந்து மட்டும் மஞ்சளாக வருகிறது, நரம்பு பச்சையாகவே இருக்கிறது. தண்ணீர் போர்வெல்தான். கடையில் முதலில் 19:19:19 கொடுத்தார்கள். கேட்கவில்லை. அடுத்து ஒரு நுண்ணூட்டப் பாட்டில், 450 ரூபாய். அதை வேரில் ஊற்றியும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது ஏதோ 'டானிக்' என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மஞ்சள் முதலில் எந்த இலையில் வந்தது என்று கடைக்காரர் கேட்டிருந்தால் முதல் பாக்கெட்டே தேவைப்பட்டிருக்காது. தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் அவை குறைந்தால் அடியிலை முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பு அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் அடி இலைகள் கரும்பச்சையாக இருக்கும்போதே கொழுந்து வெளுக்கும், நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான்.

19:19:19 என்பது தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 19 சதவீதம். அதில் இரும்பு இல்லை. போதாக்குறைக்கு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடினால் இரும்பை எடுப்பது செடிக்கு இன்னும் சிரமம்.

சரி, நுண்ணூட்டத்தில் இரும்பு இருந்ததே, அது ஏன் கேட்கவில்லை? தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணீர் கடினம் என்று அர்த்தம். அதிலுள்ள பைகார்பனேட் மாதக்கணக்கில் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளுகிறது. அந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. பாட்டிலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் 'இடிடிஏ' (EDTA) என்று இருக்கும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் வேதிப்பொருள் அது. மண்ணின் பிஎச் (அமில, கார அளவு) 6.5ஐத் தாண்டினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆக, பாட்டில் போலி என்று சொல்ல மாட்டேன். உங்கள் தொட்டிக்குப் பொருந்தாத சரக்கு, அவ்வளவுதான்.

மலிவான வழி அன்னபேதி உப்பு. உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேட்டாலும் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் 1 கிராம். சாயங்காலம் இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடுங்கள், பழுப்பு நிறமாகிவிட்டால் கீழே கொட்டிவிடலாம். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமையலுக்குப் பறிப்பதை அடுத்த சில நாள் நிறுத்திவைத்து, அப்புறம் நன்றாக அலசிப் பயன்படுத்துங்கள்.

நீடித்த வழி 'இடிடிஎச்ஏ' (EDDHA) என்ற இன்னொரு பிடிப்பொருளோடு வரும் இரும்பு. பெரும்பாலும் 6 சதவீதம் என்று போட்டிருக்கும். 12 சதவீதம் போட்ட இடிடிஏ பாக்கெட்டைவிட விலை அதிகம், எண் பாதி, அதனால் ஏமாற்று என்று தோன்றும். ஆனால் கார மண்ணில் வேலை செய்வது இதுதான். தண்ணீரில் கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும். வேரில் ஊற்றுவதற்கானது, தெளிக்கக் கூடாது. ஒன்றிரண்டு தொட்டிக்குச் சின்ன பாக்கெட்டே போதும்.

புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். அதன் புளிப்பு கொஞ்சம் உதவலாம், போர்வெல் தண்ணீரோடு மல்லுக்கட்ட அது போதாது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதால் ஒரு பயனும் இல்லை. மழைக்காலத்தில் இரண்டு குடம் மழைநீர் பிடித்து வைத்தால் அதற்கு ஈடாக எந்தப் பாட்டிலும் கிடையாது.

மருந்து கேட்டதா என்பது ஏற்கெனவே வெளுத்த இலையை வைத்துத் தெரியாது. அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள்.

கேள்வி: ஹாலில் இருக்கும் மணி பிளான்டின் இலை நுனிகள் கருகுகின்றன. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் அதற்குத்தான் ஊற்றுகிறேன். எப்சம் உப்பு வாங்கட்டுமா?

பதில்: ஆர்ஓ வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைப் போய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு, மேலே இன்னோர் உப்பா? எப்சம் என்பது மெக்னீசியம் சல்பேட். பழைய இலையில் நரம்புக்கு இடையே மஞ்சள் விழுந்தால் மட்டும் அதை யோசிக்கலாம், நுனிக் கருகலுக்கு அது மருந்தல்ல. அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வடியும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

கேள்வி: வெளிச்சம் வராத அறையில் புதினா வளர்க்க '1000 வாட்' எல்இடி குரோ லைட் ஆன்லைனில் வாங்கினேன். ஊதா வெளிச்சம். இலை வெளிறி, தண்டு நீண்டு சாய்கிறது. சத்துக் குறைவா?

பதில்: முதலில் தொட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஊதா விளக்கின் கீழ் எந்த இலையின் நிறத்தையும் நம்ப முடியாது. தண்டு நீண்டு சாய்வது வெளிச்சப் பஞ்சம். உரம் போட்டால் இன்னும் நீளும்.

1000 வாட் என்பது பெரும்பாலும் பெயர்தான். விவரப் பட்டியலில் 'உண்மையான மின் நுகர்வு' என்று ஒரு வரி இருக்கும், அங்கே 100 வாட்டோ அதற்கும் கீழேயோ இருக்கலாம். பிளக்கில் செருகும் மின் அளவி இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இனி வாங்கினால் இந்த வரியைப் பார்த்து, வெள்ளை எல்இடியாக வாங்குங்கள். இப்போதைக்கு விளக்கைச் செடிக்குக் கொஞ்சம் நெருக்கமாக இறக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஈரம், வெளிச்சம், பிஎச் மூன்றையும் காட்டும் இரட்டைக் கம்பி மீட்டர் வாங்கினேன். எலுமிச்சைச் சாறு கலந்த மண்ணிலும் 7, சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் 7 காட்டுகிறது. விற்றவர் 'திரும்பப் பெற மாட்டோம்' என்கிறார்.

பதில்: சோதனை அருமை. அதையே வீடியோ எடுத்து வையுங்கள். பேட்டரி இல்லாத அந்தக் கம்பி மீட்டர்களின் பிஎச் முள்ளை நான் நம்புவதில்லை. ஈரம் பார்க்க விரலே போதும்.

பணத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ஆனால் சில நூறு ரூபாய் மீட்டருக்கு அலைச்சல் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சின்னத் தொகைக்கு முதலில் 1915ஐ முயன்று பாருங்கள். பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வீடியோ மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.