ஜப்பானிய இணைய ஏலம்: எந்தக் கணக்கைப் பார்த்து முகவரைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நான் சிங்கப்பூரில் வசிக்கிறேன். பழைய நிக்கான் எஃப்எம்2 கேமராவையும் அதற்குப் பொருந்தும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் ஜப்பானின் யாகூ ஏலத்தில் வாங்க ஆசைப்படுகிறேன். நேரடியாகக் கணக்குத் தொடங்க முடியவில்லை. சில முகவர் நிறுவனங்களின் தளங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு தரகைச் சொல்கிறது. எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அந்தத் தரகுதான், நீங்கள் கடைசியில் கட்டப்போகும் தொகையில் பெரும்பாலும் மிகச் சிறிய பகுதி. ஒரு பொருள் ஏலத்தில் விழுந்ததிலிருந்து உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவையும், பொருளில் குறை இருந்தால் அந்த நிறுவனம் என்ன செய்யும் என்பதையும் வைத்துத்தான் முகவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1999-இல் தொடங்கிய யாகூ ஏலத்தில் கணக்கு வைத்துக்கொள்ள ஜப்பானியக் கைபேசி எண் வேண்டும். அங்குள்ள விற்பனையாளர்களில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டு முகவரிக்கு மட்டுமே பொருளை அனுப்புவார்கள். ஆகவே முகவர் தம் பெயரில் ஏலம் கேட்டு, தம் கிடங்கில் பொருளைப் பெற்று, பிறகு உங்களுக்கு அனுப்புகிறார். விற்பனையாளரின் பார்வையில் வாங்கியவர் முகவர்தான். நீங்கள் அவருக்குத் தெரியவே மாட்டீர்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் பணக் கணக்கு. லென்ஸ் 18,000 யென்னுக்கு விழுகிறது, கிடங்குவரை உள்நாட்டு அனுப்புக் கூலி 900 யென், சிங்கப்பூருக்கு அனுப்ப 2,800 யென் என்று வைத்துக்கொள்வோம். முதல் முகவர் தரகாக 300 யென் மட்டுமே கேட்கிறார். ஆனால் விற்பனையாளருக்குப் பணம் செலுத்த 200, பொதி கட்ட 1,000 என்று தனித்தனியாகச் சேர்த்து, யென்னைச் சந்தை விகிதத்தைவிட 4 சதவீதம் கூடுதலாக மாற்றுகிறார். உங்கள் செலவு 24,128 யென்னுக்குச் சமமாகிறது. இரண்டாமவர் தரகாக 800 யென் கேட்கிறார், வேறு கட்டணம் இல்லை, நாணய மாற்றில் 1 சதவீதம் மட்டுமே வைக்கிறார். இங்கே செலவு 22,725. தரகு இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தும் இவரே 1,400 யென் மலிவு. இவை எடுத்துக்காட்டுக்கு நான் இட்ட எண்கள். நீங்கள் வாங்க நினைக்கும் லென்ஸை வைத்து, ஒவ்வொரு தளத்தின் கட்டணப் பக்கத்தையும் திறந்து, இதே கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். நாணய மாற்று விகிதத்தைப் பல நிறுவனங்கள் கட்டணம் என்று குறிப்பிடுவதே இல்லை. அவர்கள் காட்டும் விகிதத்தையும் அதே நாளின் சந்தை விகிதத்தையும் ஒப்பிட்டால்தான் அது வெளிப்படும். யென்னிலேயே கட்ட அனுமதிக்கும் இடத்தில் உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விற்பவர் தனிநபராக இல்லாமல் கடையாக இருந்தால் ஏலத்தொகையின் மேல் 10 சதவீத நுகர்வு வரி சேரக்கூடும். பொருளின் பக்கத்தில் விலைக்கு அருகிலேயே வரித் தொகை குறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது, முகவர் ஏலம் கேட்கும் முறை. பல ஏலங்களில் தானாக நீளும் ஏற்பாடு உண்டு: முடிவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலையை உயர்த்தினால் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும், இது திரும்பத் திரும்ப நடக்கும். உங்கள் தொகையை உடனே யாகூ ஏலத்தில் பதியும் முகவரிடம் கடைசி வரை நின்று கேட்கலாம்; ஊழியர் கையால் பதியும் நிறுவனத்தில் அதற்கு வழியில்லை. அதே முகவரின் இன்னொரு வாடிக்கையாளரும் அதே லென்ஸைக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலர் முதலில் கேட்டவருக்கே விடுவார்கள், சிலர் அதிகத் தொகைக்கு விடுவார்கள். பதிந்த தொகையை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது என்பதால், உச்ச விலையை அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. சில விற்பனையாளர்கள் முகவர்கள் ஏலம் கேட்கக் கூடாது என்று விவரத்தில் எழுதியிருப்பார்கள்; அதைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்கும் நிறுவனம் நம்பத்தக்கது.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியமானது. ஏலத்தில் பணம் விற்பனையாளரின் கைக்கு உடனே போவதில்லை. பொதுவாக, வாங்கியவர் ‘பொருள் கிடைத்தது’ என்று உறுதிசெய்த பிறகே போகிறது. அந்த உறுதியைத் தருபவர் நீங்கள் அல்ல, கிடங்கில் பெட்டியைப் பெற்றுக்கொண்ட முகவர். அவர் அதை அழுத்திய பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிங்கப்பூரில் பெட்டியைத் திறந்து குறை கண்டுபிடித்தால், விற்பனையாளரிடம் கேட்கும் வாய்ப்பு அநேகமாக முடிந்துபோயிருக்கும். ஆகவே குறை தெரியவேண்டிய இடம் ஜப்பானியக் கிடங்குதான். கிடங்கில் செய்யும் சோதனை எந்த அளவுக்குப் போகிறது என்பதைத் தரகைவிட நூறு மடங்கு கவனமாகப் படியுங்கள். பெரும்பாலான இடங்களில் ‘சோதனை’ என்பது எண்ணிக்கை, நிறம், வெளியே தெரியும் உடைசல் ஆகியவை படத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மட்டுமே. ஷட்டரை இயக்கிப் பார்க்க மாட்டார்கள். லென்ஸினுள் விளக்கடித்துப் பூஞ்சை தேட மாட்டார்கள். நான் ஒருமுறை சோதனைக்குக் கட்டணமும் செலுத்தி வாங்கிய லென்ஸின் உள்கண்ணாடி முழுதும் வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. சோதனை அறிக்கையில் எல்லாம் சரி என்றே இருந்தது, அந்த அறிக்கையின் வரம்புக்குள் அது பொய்யும் அல்ல. அன்றிலிருந்து, கேட்ட கோணத்தில் படம் எடுத்து அனுப்பும் முகவரை மட்டுமே லென்ஸ் வாங்கப் பயன்படுத்துகிறேன். அதற்குக் கொடுக்கும் சில நூறு யென் வீணல்ல.

அதைவிட மலிவான பாதுகாப்பு, விற்பனையாளர் எழுதிய விவரத்தை ஒழுங்காகப் படிப்பது. பழுதை விவரமாக எழுதிவைக்கும் வழக்கம் அங்கே வலுவானது. தளத்தின் இயந்திர மொழிபெயர்ப்புதான் அதைக் குழப்பிவிடும். சில சொற்களை அறிந்துகொள்ளுங்கள். ‘கபி’ என்றால் பூஞ்சை, ‘குமோரி’ என்றால் கண்ணாடியில் மங்கல், ‘கிசு’ என்றால் கீறல். கேமராக்களில் ‘மொருத்தோ’ என்று வருவது ஒளி புகாமல் ஒட்டியிருக்கும் நுரைப் பட்டை. பழைய கேமராவில் அது நொறுங்கியிருப்பது இயல்பு, மாற்றிக்கொள்ளலாம், அதற்காக விலகவேண்டியதில்லை. ‘ஜங்க்’ என்று எழுதிவிட்டால் எது கெட்டிருந்தாலும் விற்பவர் பொறுப்பல்ல என்பது பொருள். இயங்குகிறதா என்று பார்க்கவில்லை என்று எழுதப்பட்டதையும் நான் பழுது என்றே எடுத்துக்கொள்வேன். எஃப்எம்2-இன் ஷட்டர் மின்கலம் இல்லாமலே இயங்கக்கூடியது, மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. எனவே ‘மின்கலம் இல்லாததால் பார்க்கவில்லை’ என்ற சாக்கு ஒளிமானிக்குப் பொருந்தும், ஷட்டருக்குப் பொருந்தாது.

அனுப்பும் வழியில் கவனிக்க வேண்டியது எடைக் கணக்கு. தனியார் விரைவு அஞ்சல் நிறுவனங்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, அதிகமானதற்குக் கட்டணம் போடுகின்றன. 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி, உள்ளே இரண்டு கிலோ மட்டுமே இருந்தாலும், ஆறு கிலோவாகிவிடும். ஜப்பான் அஞ்சல் துறையின் பன்னாட்டு விரைவு அஞ்சலான இ.எம்.எஸ். உண்மை எடையைத்தான் பார்க்கிறது. ஆகவே இரண்டையும் தரும் முகவரே நல்லவர். இ.எம்.எஸ்.-இல் கட்டணமின்றிக் கிடைக்கும் இழப்பீடு 20,000 யென் வரைதான். அதைவிட விலை கூடிய கேமராவுக்குக் கூடுதல் காப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேமராவையும் லென்ஸையும் ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்பச் சொன்னால் கூலி குறையும். ஆனால் முதல் பொருள் கிடங்கில் இலவசமாக எத்தனை நாள் இருக்கலாம் என்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதற்குக் காத்திருங்கள்.

சேர்த்து அனுப்புவதில் சிங்கப்பூரில் ஒரு வரி நுணுக்கமும் உண்டு. அங்கே பொருள் சேவை வரி 2024 முதல் 9 சதவீதம். 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேற்பட்ட பொதிக்கு இறக்குமதியின்போது அது விதிக்கப்படும். அதற்குட்பட்ட பொருளுக்கும் 2023 முதல், பதிவு பெற்ற வெளிநாட்டு நிறுவனங்கள் விற்பனையின்போதே வரியைப் பிடித்துவிடுகின்றன. தனித்தனியாக வரி கட்டிய இரண்டு பொருள்கள் ஒரே பெட்டியில் 400 வெள்ளியைத் தாண்டினால் மீண்டும் வரி கேட்கப்படலாம். எனவே கட்டிய வரியைக் காட்டும் ரசீதைப் பெட்டியோடு அனுப்பும்படி முகவரிடம் சொல்லுங்கள். சுங்கப் படிவத்தில் விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சொல்லும் முகவரிடம் போகவே வேண்டாம். அது சட்ட விரோதம், மேலும் பெட்டி தொலைந்தால் எழுதிய விலைக்குத்தான் இழப்பீடு கிடைக்கும்.

இதைப் படிக்கும் இந்திய வாசகர்களுக்கு ஒரு சொல்: இந்திய வெளிநாட்டு வணிகக் கொள்கையில், மூலதனப் பொருள்கள் (தொழில் இயந்திரங்கள் போன்றவை) அல்லாத பழைய பொருள்களின் இறக்குமதி அனுமதி பெற்றே செய்ய வேண்டிய பட்டியலில் இருக்கிறது. சுங்கத்தில் பொதி நின்றுவிடும் வாய்ப்பு உண்டென்பதால், பணம் கட்டுவதற்கு முன் சுங்க முகவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையீ, ஜென்மார்க்கெட், ஃப்ரம் ஜப்பான், நியோகியோ ஆகியவை பலரும் பயன்படுத்தும் பெயர்கள். இவற்றின் கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் இன்னதுதான் சிறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்புங்கள்: ‘லென்ஸின் உட்புறத்தை விளக்கொளியில் படமெடுத்து, நான் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாக விற்பனையாளருக்கு உறுதிசெய்வீர்களா?’ தெளிவாகப் பதில் எழுதும் நிறுவனத்தின் மூலம் முதலில் ஒரு லென்ஸ் மூடியையோ தோள்பட்டையையோ வாங்கிப் பாருங்கள். அந்தச் சிறு பொதியின் ரசீதில் முன்பு நீங்கள் தாளில் போட்ட கணக்குக்கு மேல் எதுவும் வராமலிருந்தால், எஃப்எம்2-ஐ அவர்களிடமே கேட்கச் சொல்லலாம்.